மிச்சம் பிடித்த தெம்பு

அத்தியாயம் ஒன்பது

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே வினோதா டீச்சரின் படம் போட்ட பேனர் ஏறிய நாளிலிருந்து அந்த வீட்டில் எல்லோருக்கும் நடையே மாறிப்போனது. தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டும் ஜெயகாந்தன், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வண்டியைக் கொஞ்சம் மெதுவாக்கி, பக்கத்தில் இருப்பவனிடம் "நம்ம வீட்டம்மா" என்று சொல்லாமல் தாண்டமாட்டான். 'மலையகத்தின் கணிதச் சுடர்' என்று டியூஷன் நிலையக்காரர் நூர்தீன் கொடுத்திருந்த பட்டத்தைப் பற்றி, "இதெல்லாம் எதுக்கு?" என்று வினோதா அலுத்துக்கொண்டாள். ஆனாலும் பஸ்ஸை விட்டு இறங்கும் ஒவ்வொரு தடவையும் அண்ணாந்து பார்க்கத்தான் செய்தாள்.

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்தவள். தலவாக்கலைக்கு மேலே, தான் படித்த அதே தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாக வரவேண்டும் என்று அலைந்து திரிந்து இடமாற்றம் வாங்கி வந்தவள். காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் ஹட்டனில் டியூஷன், வீட்டுக்கு வந்து உலை வைத்து இறக்கியபின் கம்ப்யூட்டர் முன்னால் ஸூம் வகுப்பு.

"இந்த ஸூம் வேணாம் வினோ, ஒடம்பு தாங்காது" என்று ஜெயகாந்தன் சொன்னதும், "என் தெம்ப எப்படிப் பங்கு போடுறதுன்னு எனக்குத் தெரியும்" என்று அவள் வெடுக்கென்று திருப்பிச் சொன்னதும் போன வாரத்துச் சங்கதி.

அந்தப் பங்கு எப்படிப் போடப்பட்டிருந்தது என்பது இந்தச் செவ்வாய்க்கிழமை வெளியே வந்தது.

இடைவேளை முடிந்து பதினோராம் தரத்துக்குக் கணிதம். வெளியே விடாத தூறல். வினோதா கரும்பலகையில் இருபடிச் சமன்பாடு ஒன்றை எழுதினாள்.

"இத செஞ்சு வைங்க. நான் பாக்குறேன்."

நாற்காலியில் உட்கார்ந்தாள். முழங்கையை மேசையில் ஊன்றி நெற்றியைத் தாங்கிக்கொண்டாள். ஒரே ஒரு நிமிஷம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கண்ணை மூடினாள். தினமும் சொல்லிக்கொள்வதுதான்.

எவ்வளவு அமைதியான வகுப்பு! "லெவனுக்குப் போனா தொண்டத் தண்ணி வத்திப்போகுது" என்று மற்ற ஆசிரியர்கள் புலம்பும்போது, "எம் பாடத்துல ஒரு சத்தம் கேக்காது" என்று அவள் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

யாரோ இருமினார்கள். மறுபடியும் இருமினார்கள், கொஞ்சம் பலமாக.

"டீச்சர்... டீச்சர்..."

முன் வரிசையிலிருந்து தனுஜா மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். தனுஜா, ஜெயகாந்தனின் கடைசித் தங்கை. அண்ணன் வீட்டில் தங்கிப் படிக்கிறவள். வீட்டில் 'அண்ணி' என்பாள், பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததும் 'டீச்சர்' ஆகிவிடும்.

வினோதா துள்ளி எழுந்து சோக்கைக் கையில் எடுப்பதற்கும் வாசலில் நிழல் விழுவதற்கும் சரியாக இருந்தது. பள்ளிக்கூடத்து அதிபரும், அவருக்குப் பின்னால் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருந்த கணித ஆலோசகர் அழகுமுத்துவும் நின்றார்கள்.

"குட் மோர்னிங் சேர்" என்று பிள்ளைகள் எழுந்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க." அழகுமுத்து வகுப்பைச் சுற்றிப் பார்த்தார். "வராந்தாவுல வரும்போது ஆளே இல்லாத வகுப்புன்னு நெனச்சேன். அவ்வளவு அமைதி! டீச்சர், ஹட்டன்ல உங்க பேனர பாத்தேன். உங்ககிட்ட படிக்கிறதுக்கு இந்தப் புள்ளைங்க குடுத்து வச்சிருக்கணும்."

வினோதா சிரித்தாள். கன்னத்தில் கை அழுந்திய தடம் இருக்குமோ என்று தடவிப் பார்த்துக்கொண்டாள்.

ஆலோசகர் பலகையில் இருந்த கணக்கைப் பார்த்தார். பின் வரிசைப் பையன் ஒருவனைக் கூப்பிட்டார். அவன் வந்து பலகையை வெறித்துவிட்டுத் திரும்பிப் போனான். இன்னொருத்தி வந்தாள். அவளும் அப்படியே. மூன்றாவதாக, கதவோரத்தில் தனியாக இருந்த பிள்ளையைக் காட்டினார்.

"நீ வாம்மா. பேர் என்ன?"

"சுலக்ஷனா, சேர்."

கீழ்லயத்து வீரய்யாவின் மகள். சோக்கை வாங்கி, இரண்டு அடைப்புக்குறிகளைப் போட்டாள். உள்ளே என்ன எழுதுவது என்று தெரியாமல் நின்றாள். சோக்கு பலகையில் பட்டபடியே இருந்தது.

"பரீட்சைக்கு எவ்வளவு நாள் இருக்கு? இது ஆரம்பக் கணக்கு! ஏன் தெரியல? டீச்சர் சொல்லித் தரலையா?"

ஒருத்தர்கூட வினோதாவைப் பார்க்கவில்லை. எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பார்க்கக்கூடாது என்று பேசி வைத்துக்கொண்டதுபோல.

சுலக்ஷனாதான் வாயைத் திறந்தாள். "டீச்சர் நல்லா சொல்லித் தந்தாங்க சேர். நாங்கதான் படிக்கல."

"ஆமா சேர், நாங்கதான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். இன்னும் இரண்டு மூன்று குரல்கள்.

அழகுமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானும் லயத்துல இருந்து வந்தவன்தான். எனக்கு இப்படி ஒரு டீச்சர் கெடைக்கல. உங்களுக்குக் கெடச்சும் படிக்க வலிக்குது. இப்படியே இருங்க, கொழுந்துக் கூடையும் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தியும் ஒங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு." சுலக்ஷனாவைப் பார்த்தார். "உனக்கெல்லாம் கணக்கு மண்டையில ஏறாதும்மா. பேசாம வீட்டுல சொல்லி ஏதாச்சும் வேல தேடிக்க. டீச்சரோட தெம்பாவது மிச்சமாகும்."

வினோதா ஓரடி முன்னால் வந்தாள்.

"சேர், ஒரு நிமிஷம்..."

அவர் திரும்பினார். அதிபரும் திரும்பினார். தனுஜா சட்டென்று நிமிர்ந்து அண்ணியின் முகத்தைப் பார்த்தாள்.

"...நான் பாத்துக்குறேன் சேர்" என்றாள் வினோதா.

"பாவம், நீங்க மட்டும் என்ன செய்வீங்க" என்றார் அவர், கதவைத் தாண்டும்போது.

பள்ளிக்கூடம் விட்டு இறங்கி வருகிற பாதையில் தனுஜா எப்போதும் கையைக் கோத்துக்கொண்டு வருவாள். அன்றைக்கு நாலு எட்டு முன்னால் நடந்தாள். குடைக்குள்ளும் வரவில்லை.

"தனு, நில்லு. நனையுற."

நின்றாள். திரும்பவில்லை.

"எம்மேல கோவமா?"

"கோவம் இல்ல அண்ணி. நீங்க சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். 'ஒரு நிமிஷம்'னு சொன்னீங்கள்ல, அப்ப சொல்லிருவீங்கன்னு நெனச்சேன்."

"நான் தூங்குனது... எல்லாருக்கும் தெரியுமா?"

தனுஜா இப்போது திரும்பிப் பார்த்தாள். அந்தக் கேள்வியை நம்பமுடியாதவள்போல.

"தெரியாமயா அண்ணி? பேனர் போட்ட கொஞ்ச நாள்லேர்ந்து தெனம் தூங்குறீங்க. மொத நாளு பசங்க சிரிச்சானுங்க. சுலக்ஷனாதான் ஏசுனா. டீச்சருக்கு வேல கூட, பாவம், தூங்கட்டும்னா. அதிபர் வந்துட்டா உங்களுக்குத்தான பிரச்சின? அதனால வராந்தாவ பாக்குறதுக்கு அவ கதவுகிட்ட மேசைய இழுத்துப் போட்டுக்கிட்டா. யாராச்சும் வந்தா இருமுவா. சத்தம் போடக்கூடாதுன்னு நாங்க எல்லாம் பேசி வச்சுக்கிட்டோம்."

சத்தம் கேட்காத வகுப்பு. ஸ்டாஃப் ரூமில் வினோதா மார்தட்டிக்கொண்ட வகுப்பு. அவள் தூக்கம் கலையாமல் இருப்பதற்காகப் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல, தனு? வீட்டுலயாவது சொல்லியிருக்கலாமே?"

"எப்படி அண்ணி சொல்றது? வீட்டுக்கு வந்தா ஸூம்ல அந்தப் புள்ளைங்களுக்கு எவ்வளவு அழகா சொல்லிக் குடுக்குறீங்க. நான் கதவுக்குப் பின்னால நின்னு கேட்டு எழுதிக்குவேன்."

மேல் வளைவில் ஹட்டன் பஸ்ஸின் ஹோர்ன் கேட்டது. வினோதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பஸ் வந்து நின்றுவிட்டது. ஏறிவிட்டாள். ஏறியபின்தான், அந்த இடத்தில் அப்படி ஏறிப்போனதும் ஒரு கேவலம் என்று உறைத்தது.

பஸ்ஸில் ஏறியதும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறவள், அன்றைக்குக் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். கொட்டகலையில் கூட்டம் ஏறி நெருக்கியதுகூடத் தெரியவில்லை.

அலுப்பில் வந்த தூக்கம் என்று யாரிடமும் சொல்லலாம். கேட்கிறவர்களும் ஐயோ பாவம் என்பார்கள். ஆனால் அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும். முதலில் தானாக வந்த தூக்கம்தான். ஆனால் இடைவேளைக்குப் பிறகு கொஞ்சம் கண்ணயர்ந்த நாளில், ஹட்டன் மண்டபத்தில் குரல் கணீரென்று எழும்பியது, கணக்கு தண்ணீராய் ஓடியது, பிள்ளைகள் கைதட்டினார்கள். அதைக் கண்டுகொண்டபின், பலகையில் ஒரு கணக்கை எழுதிப் போட்டுவிட்டு உட்காருவதை அவளாகவே வழக்கமாக்கிக்கொண்டாள். தோட்டத்துப் பிள்ளைகளின் நேரத்தில் தெம்பை மிச்சம் பிடித்து, டவுன் பிள்ளைகளுக்குக் கொண்டுபோய்க் கொட்டினாள். அதற்கு ஏதோ பெரிய கெட்டிக்காரத்தனம் என்று பெயர் வேறு வைத்திருந்தாள்.

மண்டபம் நிறைந்திருந்தது. பாடத்துக்கு முன்னால் பரீட்சைக்குத் தயாராவது பற்றி ஐந்து நிமிஷம் பேசுவது அவள் பழக்கம். வாய் அதுபாட்டுக்குப் பேசியது.

"எல்லா நேரமும் ஒரே மாதிரி நேரம் இல்ல. மூளை தெளிவா இருக்குற நேரம்னு ஒண்ணு எல்லாருக்கும் இருக்கு. கஷ்டமான பாடத்த அந்த நேரத்துல படிங்க. களைச்சுப்போன நேரத்த அதுக்குக் குடுத்தீங்கன்னா, குடுக்காத மாதிரிதான். ராத்திரி முழிச்சு ஒடம்பக் கெடுத்துக்காதீங்க..."

முன் வரிசையிலிருந்து ஜிப்ரியா கையைத் தூக்கினாள். ஹட்டன் கடைவீதிப் பிள்ளை. துடுக்கானவள்.

"டீச்சர், உங்களுக்கு மூளை தெளிவா இருக்குற நேரம் எது?"

எல்லோரும் சிரித்தார்கள். வினோதாவின் வாய் யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டது.

"இந்த நேரம்தான்."

மண்டபமே கைதட்டியது.

அந்தக் கைதட்டல் அவள் முகத்தில் அறைந்தது. பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். காலையில் போட்ட அதே மாதிரியான கணக்கு ஒன்றைப் போட்டாள். அவள் எழுதி முடிப்பதற்குள் விடை பின்னாலிருந்து கோரஸாக வந்தது. ஏன் வராது? மூன்று வாரமாக மூச்சுப் பிடித்து அவள் இதை இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

வகுப்பை முடித்துவிட்டு, எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் நூர்தீனின் அறைக்குப் போனாள்.

"என்ன டீச்சர், மொகம் வாடிக் கெடக்கு? குடிக்க ஒரு பிளேன்டி சொல்லட்டா?"

"வேணாம். நூர்தீன் நானா, இனிமே சனிக்கிழம வகுப்பு மட்டும்தான் நான் எடுப்பேன். கெழம நாள் வகுப்பும் ஸூமும் வேணாம். வேற ஆளப் பாத்துக்கங்க."

நூர்தீன் பேனாவை வைத்துவிட்டார். "சோதனை நெருங்குற நேரத்துல இப்படிச் சொன்னா எப்படி? புள்ளைகள் உங்கள நம்பித்தானே வாராங்க?"

"அங்கயும் நம்பித்தான் இருந்தாங்க."

அவருக்கு விளங்கவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

வீட்டில் ஜெயகாந்தன் வேலை முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தான். வினோதா பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"அந்த சேர் உன்ன ஏதும் சொன்னாரா?"

"இல்ல. புள்ளைங்களத்தான் ஏசுனாரு."

"அப்ப வுடு. நாளையிலேர்ந்து தூங்காத, சரியாப் போச்சு. இத ஏன் தூக்கித் தலையில வச்சுக்குற?"

"சொல்லணும்ங்க. அதிபர்கிட்டயாவது."

"என்னன்னு சொல்லுவ? பேனர்ல உள்ள டீச்சர் கிளாஸ்ல கொறட்ட விட்டுச்சுன்னா?" அவன் குரல் உயர்ந்தது. "நம்ம சனத்துல ஒருத்தி பேர் எடுக்குறதே அபூர்வம். ஃபெக்டரில போய் நிக்கும்போது 'டீச்சர் ஊட்டுக்காரரு'ன்னு மதிக்கிறாங்க. அத நீயே போட்டு ஒடைக்கப் போறியா?"

"அண்ணே" என்றாள் அடுப்படி வாசலில் நின்ற தனுஜா. "வெளிய சுலக்ஷனாவோட அப்பா வந்திருக்காரு."

வீரய்யா முற்றத்தில் நின்றார். கவ்வாத்து மலையிலிருந்து வந்து முகம் கழுவி, இருந்ததில் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"உள்ள வாங்கண்ணே, உக்காருங்க" என்றாள் வினோதா.

"இல்ல டீச்சர், கால்ல சேறு. ஒரு வார்த்த கேட்டுட்டுப் போயிர்றேன்." தயங்கினார். "எம் மவ வந்ததுலேர்ந்து அழுதுக்கிட்டு கெடக்கு. சோறு திங்கல. ஸோனல் ஆபீஸ் ஐயா மண்டையில ஏறாதுன்னு சொல்லிட்டாராம். நாந்தான் படிக்கல, டீச்சர் உசுரக் குடுத்துத்தான் சொல்லிக் குடுத்தாங்கன்னு அது வாயாலயே சொல்லுது."

வினோதா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எந் தங்கச்சி கொழும்புல புடவக் கடையில நிக்கிறா. ஆள் வேணும்னு ரொம்ப நாளா கேக்குறா. ஓ.எல். பரீட்சை முடியட்டும்னு நாந்தான் இழுத்துக்கிட்டு இருந்தேன். நாளைக்கே அனுப்பிரலாம்னு பாக்குறேன். அதுக்கு முன்னாடி உங்கள ஒரு வார்த்த கேக்கணும்னு தோணுச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவன் நான். அந்த ஐயா ஒரு நாள் பாத்தவரு. நீங்க தெனம் பாக்குறவங்க." நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க டீச்சர். நெஜமாவே எம் புள்ளைக்கு ஏறாதா?"

ஜெயகாந்தன் பின்னால் வந்து நின்றான். "அண்ணே, டீச்சருக்கு இப்பத்தான் வேலவிட்டு வந்த களைப்பு. நாளைக்கு..."

"ஏறும்" என்றாள் வினோதா. "ஏறாதது ஒண்ணும் இல்ல. நான் சொல்லிக் குடுக்கல."

வீரய்யா புரியாமல் பார்த்தார்.

"நான் வகுப்புல தூங்குனேன் அண்ணே. பல நாளா. ஹட்டன் டியூஷனுக்குத் தெம்பு வேணும்னு இங்க தூங்குனேன். நான் மாட்டிக்கக் கூடாதுன்னு ஒங்க மகதான் கதவுகிட்ட ஒக்காந்து காவல் காத்துச்சு. இன்னைக்கு அந்தப் புள்ளைய ஏசும்போது நான் வாயத் தொறக்கல."

ஜெயகாந்தன் உள்ளே போய்விட்டான்.

அவர் ஏசுவார் என்று வினோதா எதிர்பார்த்தாள். ஏசினால் நல்லது என்றுகூட நினைத்தாள். வீரய்யா ஏசவில்லை. மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார்.

"அப்ப எம் புள்ள மண்டு இல்ல."

"இல்ல."

"இத நீங்க அங்கயே சொல்லியிருக்கலாமே, டீச்சர்." அவர் குரல் உயரவே இல்லை. "எங்கிட்ட வந்து இருட்டுல சொல்லி என்ன செய்ய? அவர் சொன்னது எல்லாப் புள்ளைங்க முன்னாலயும்ல."

பதில் எதிர்பார்க்காமல் திரும்பி நடந்தார். அனுப்பப் போகிறாரா, இல்லையா என்று சொல்லவில்லை. கேட்கும் தகுதி தனக்கு இல்லை என்று வினோதாவும் கூப்பிடவில்லை.

உள்ளே வந்து அதிபருக்குப் போன் செய்தாள். சொன்னாள். அவர் நெடுநேரம் "ம்... ம்..." என்றே இருந்தார். ஆலோசகரின் நம்பரை வாங்கிக்கொண்டாள்.

அழகுமுத்துவிடம் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நாலாம் தடவை சொல்லும்போது சுலபமாக இருக்கும் என்று நினைத்தாள். இல்லை.

"டீச்சர், இத நான் பதிவுல எடுத்தா விசாரணை வரும். தெரியுமா?"

"தெரியும் சேர்."

"யாருமே கேக்கல. பேசாம இருந்திருக்கலாமே?"

"நீங்க ஏசுன புள்ள நாளைக்கு கொழும்புக்குப் போகப் போகுது சேர். விசாரண வரட்டும். ஆனா நீங்க ஒரு தடவ எங்க ஸ்கூலுக்கு வரணும். நீங்க சொன்னத நீங்களே வந்து அந்தப் புள்ளைங்க முன்னால திருப்பி எடுக்கணும்."

"நான் யோசிக்கணும்" என்றார். தொடர்பு அறுந்தது.

ஜெயகாந்தன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். சோற்றுக்குக் கூப்பிட்டதற்கு வரவில்லை. தனுஜாதான் வந்து அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டில் குழம்பை ஊற்றினாள்.

அன்றைக்குக் கம்ப்யூட்டர் திறக்கப்படவில்லை. வினோதா சீக்கிரமே படுத்தாள். அவமானம் கண்ணை மூடவிடவில்லை. ஆனாலும் எழுந்து உட்காராமல், உடம்பை அடக்கிக் கிடந்தாள். நாளைக்கு அந்த உடம்பு வேண்டும்.

காலையில் அதிபர் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருந்தாலும் அவள் கேட்டபடி கணிதத்தை முதல் பாடத்துக்கு மாற்றிக் கொடுத்தார். கதவோர மேசை காலியாக இருந்தது.

வினோதா பலகைக்கு முன்னால் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தான் தூங்கியதையும் நேற்று வாய் திறக்காததையும் சொன்னாள். சின்னப் பிள்ளைகள் ஆசிரியர் முன்னால் நிற்பதைப்போல நின்றாள்.

"பரவால்ல டீச்சர்" என்றான் ஒரு பையன், அவளைச் சமாதானப்படுத்துகிறவன்போல.

"பரவால்லன்னு சொல்லாதீங்கடா" என்றாள். "இனிமே நான் கண்ண மூடுனா மேசையில தட்டுங்க. வெளங்கலைன்னா சத்தமாக் கேளுங்க."

பாடத்தை அடியிலிருந்து தொடங்கினாள். உட்காரவே இல்லை. முதலில் பயந்து பயந்து கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு கேட்டார்கள்.

இடைவேளை மணி அடித்ததும், கையைக்கூடக் கழுவாமல் கீழ்லயத்துக்கு இறங்கி ஓடினாள்.

சுலக்ஷனா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பள்ளிக்கூட வெள்ளை உடுப்பில் இல்லை. நீலச் சட்டை, காலடியில் துணிப்பை. வீரய்யா கீழே ரோட்டோரத்தில், தலவாக்கலை பஸ் வரும் பக்கம் பார்த்து நின்றார்.

"சுலக்ஷனா, நேத்து நான்..."

"அப்பா சொன்னாரு டீச்சர்." அவள் கீழே பார்த்தாள். "கதவுகிட்ட ஒக்காரச் சொல்லி நீங்க சொல்லல. நானாத்தான் போனேன்."

"அதுதான் எனக்கு இன்னும் வெட்கமா இருக்கு."

பிள்ளை கொஞ்சநேரம் பையின் வாரைத் திருகினாள். பிறகு மெல்லிய குரலில் கேட்டாள். "எனக்கு மனசுக் கஷ்டப்படக் கூடாதுன்னு அப்படிச் சொன்னீங்களா? நெஜமாவே ஏறுமா?"

ஏறும் என்று சொல்ல வாயெடுத்த வினோதா, நிறுத்தினாள். நேற்றிலிருந்து அவள் வார்த்தைக்கு என்ன மதிப்பு? சட்டென்று சிமெந்துத் தரையில் குந்தினாள். கையில் இருந்த சோக்கால் எழுதினாள்.

"இங்க வா. ரெண்டு எண். பெருக்குனா பன்னெண்டு, கூட்டுனா ஏழு. என்னென்ன?"

சுலக்ஷனாவும் குந்தினாள். உதடு அசைந்தது. "மூணு... நாலு?"

"அவ்வளவுதான். அந்த ரெண்டையும் எடுத்து இந்த அடைப்புக்குறிக்குள்ள போடு."

போட்டாள். போட்டதைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இவ்வளவுதானா டீச்சர்?"

"இவ்வளவுதான். இப்ப இது. பெருக்குனா பத்து, கூட்டுனா மைனஸ் ஏழு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

சுலக்ஷனா சோக்கை வாங்கிக்கொண்டாள். மேல் வளைவில் பஸ் கியர் மாற்றி இறங்கும் இரைச்சல் கேட்டது. ரோட்டோரத்தில் வீரய்யா திரும்பிப் பார்த்து, "பாப்பா!" என்று கூப்பிட்டார்.

"ஒரு நிமிஷம்ப்பா" என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

வீரய்யா பஸ்ஸைப் பார்த்தார், லயத்து வாசலில் குனிந்திருந்த இரண்டு தலைகளையும் பார்த்தார். நிறுத்தச் சொல்லி நீட்டவேண்டிய கை பாதியிலேயே நின்றது.